அவசரம் என்று ஒரு ஃபோல்டர்

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் மாமியாரைப் பார்த்து நான் கத்தியது ஒரே ஒரு தடவைதான். "அத்தை, கையை எடுங்க" என்று கத்தினேன். மாடி வீட்டில் ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. கேட்கட்டும். அந்தக் கை இன்னும் ஒரு விரற்கடை கீழே போயிருந்தால் என் நாத்தனாரின் எட்டு மாதப் பாடு காற்றோடு போயிருக்கும்.

நான் டாக்ஸி கம்பெனியில் வண்டி அனுப்புகிறவள். காதில் ஹெட்போன், எதிரே வரைபடம், எந்த வண்டி எங்கே மாட்டிக்கொண்டது, யாரை எந்தப் பக்கம் திருப்பிவிடுவது என்று நாள் முழுக்கத் தொண்டை வறள வேலை. டிரைவர்கள் என் குரலைக் கேட்டாலே சீட்டில் நிமிர்ந்து உட்காருவார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் குரலைச் செருப்போடு வாசலிலேயே கழற்றிவிடுவேன். அப்படியும் எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று இந்த வீட்டில் பெயர். கட்டினவர் வைத்த பெயர்தான்.

அவர் நில அளவைக்காரர். ஆபீஸில் கழித்துக்கட்டிய ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, அதில் பெரிய பெரிய டிஸ்க்குகளை மாட்டி, வீட்டுக்கு ஒரு சர்வர் என்று கூடத்து மூலையில் நிறுத்தினார். நாங்கள் அதைப் பெட்டி என்போம். வீட்டுப் புகைப்படங்கள், பாட்டு, அவருடைய வரைபடங்கள் எல்லாம் அதற்குள். அந்த மூலையில்தான் என் மாமியாரின் மீன் தொட்டியும் இருக்கிறது. தொட்டியின் மோட்டார், விளக்கு, தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு காமிரா, இந்தப் பெட்டி, நாலும் எக்ஸ்டென்ஷன் போர்டு என்கிற ஒரே நீட்டுப் பலகையில் சொருகியிருக்கும்.

மீன் தொட்டிக்குக் காமிரா எதற்கு என்று கேட்பீர்கள். தொட்டியில் வெள்ளைச்சி என்று ஒரு அழகி இருக்கிறாள், நீள நீளத் துடுப்பும் ஒய்யாரமுமாக. அவள் இலையில் முட்டையிடுவாள். மறுநாள் முட்டையைக் காணோம். தொட்டியின் அடியில் மண்ணைக் கிளறிக்கொண்டு கிடக்கும் கறுப்பன்தான் திருடன் என்பது மாமியாரின் தீர்ப்பு. சாட்சிதான் இல்லை. அதற்காகக் காமிரா. படத்தை எங்கே சேமிக்க என்று அது கேட்டபோது திரையில் நாலைந்து ஃபோல்டர் பெயர்கள் வந்தன. அதில் 'அவசரம்' என்று ஒன்று. "இது அவசரம்தானே" என்று மாமியார் அதையே தொட்டுவிட்டார்.

நாத்தனாரும் அந்த ஃபோல்டரைத்தான் பிடித்துக்கொண்டாள். எதைப் போட்டாலும் சட்டென்று ஏறியது, சட்டென்று திறந்தது. இந்த வீட்டில் எல்லாருக்கும் எல்லாமே அவசரம், அதனால் யாரும் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

நாத்தனாரை நாங்கள் குட்டி என்று கூப்பிடுவோம். வயது முப்பதைத் தாண்டியும் குட்டிதான். இருந்த வேலையை விட்டுவிட்டுக் களிமண் பொம்மைகளை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பொம்மையை எள்ளளவு நகர்த்தி ஒரு போட்டோ, இன்னும் எள்ளளவு நகர்த்தி இன்னொரு போட்டோ. பார்த்துக்கொண்டு நின்றால் நமக்குப் பைத்தியம் பிடித்துவிடும். "களிமண்ண வெச்சு விளையாடறா" என்று மாமியார் விசாரிக்கிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அதுவரை எடுத்ததை ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. குட்டி அதற்காகச் சண்டை போட்டதும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விடுவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

கடைசிக் காட்சியில் வெள்ளம் வந்து வீடு கரைந்து விழ வேண்டும். தொட்டிக்கு முன்னால் மேசையைப் போட்டு, களிமண் வீட்டை வைத்து, மெல்ல மெல்லத் தண்ணீர் விட்டு எடுத்தாள். பின்னால் தொட்டித் தண்ணீரின் வெளிச்சம் அசைவது வெள்ளம் ஏறுகிற மாதிரி இருக்கிறதாம். "என் மீனுங்க மிரண்டுடும்" என்று மாமியார் முனகியதெல்லாம் எடுபடவில்லை. வீடு கரைந்து சேறாகிவிட்டது. மறுபடி எடுக்க வழியே கிடையாது. போட்டோக்களைப் பெட்டியில் ஏற்றிவிட்டு, தன் காமிராவில் இருந்த கார்டைத் துடைத்து அதிலேயே படத்தின் பெயர் அட்டைகளையும் எடுத்து முடித்தாள்.

கொஞ்ச நாளாகவே பெட்டிக்கு உடம்பு சரியில்லை. பாட்டு பாதியில் நிற்கும். புகைப்படம் திறக்காது. திரையை மாட்டிப் பார்த்தால், மெமரி போதவில்லை, இன்ன புரோகிராமைக் கொன்றுவிட்டேன் என்று வரிசையாக எழுதியிருக்கும். மெமரி தீர்ந்துபோனால் பெட்டி தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள, ஓடுகிறதிலேயே பெரிதாக இருப்பதைப் பிடித்துக் கொன்றுவிடுமாம். போட்டோவில் முகம் அடையாளம் காணும் புரோகிராம்மேல்தான் அவருக்குச் சந்தேகம். அதைக் கழற்றினார், மறுபடி போட்டார், வாய்க்கு வந்தபடி திட்டினார். கடைசியில் அணைத்துப் போடுவார். பெட்டி ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். இரண்டு மூன்று நாளில் பழைய குருடி.

அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அவர் சாலை அளக்கப் போயிருந்தார். கடைசிக் காட்சியை ஒட்டிப் படத்தை முடிக்கிறேன் என்று குட்டி லேப்டாப்போடு சோபாவில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்படியே கூப்பிட்டாள்.

"அண்ணி, பெட்டி தொங்குது. எதுவுமே திறக்கல."

அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அந்தப் பக்கம் காற்று விர்ரென்று இரைந்தது.

"மறுபடியுமா?" என்றார். "அணைச்சுப் போடு. வந்து பாத்துக்கறேன்."

"நான் கிட்டத்துலதான் இருக்கேன், நான் அணைக்கறேன்" என்று மாமியார் மீன் தீனி டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் பலகையிடம் குனிந்தார். குனியும்போதே புலம்பலும் தொடங்கியது. "இத அணைச்சா என் மீன் படம் பூரா மறுபடியும் போகும். ஒவ்வொரு தடவையும் அணைச்சுப் போடறான், ஒவ்வொரு தடவையும் என் படத்த அழிச்சிடறான். கேட்டா நான் தொடவே இல்லங்கறான்."

"அண்ணன் எதுக்கும்மா உன் மீன் படத்த அழிக்கப்போறான்?" என்றாள் குட்டி. "நானும்தான் அவசரத்துல போட்டு வெச்சிருக்கேன். காலைல கூடப் பாத்தேன், பத்திரமா இருக்கு."

எனக்கு எங்கேயோ இடித்தது. ஒரே இடத்தில் இரண்டு வண்டிகள் மாட்டிக்கொண்டால் அந்தத் தெருவில் என்னவோ இருக்கிறது என்று அர்த்தம். என் பிழைப்பே அதுதான்.

"நீ எப்ப போட்ட?"

"வெள்ளிக்கிழமை."

"கடைசியா எப்ப அணைச்சோம்?"

"புதன்" என்றார் மாமியார், சுவிட்சின் மேல் விரலை வைத்தபடி. "புதன்கிழமதான் என் படம் போச்சு."

அணைத்தால் போகிறது. அணைக்காதவரை இருக்கிறது. அப்படியென்றால் அந்த ஃபோல்டர் டிஸ்க்கில் இல்லவே இல்லை. அப்போதுதான் கத்தினேன்.

மாமியார் சுடுதண்ணீர் பட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எப்போது வேண்டுமானாலும் அழுதுவிடுவார் போலிருந்தது. சமாதானம் பேச நேரமில்லை.

"ஏங்க, அந்த அவசரம் ஃபோல்டர் எங்க இருக்கு?"

"ஐயையோ" என்றார்.

"என்ன ஐயையோ? சொல்லித் தொலைங்க."

"அது மெமரில இருக்கு. பெரிய வரைபடம் வேகமாத் திறக்கட்டும்னு எனக்காக வெச்சேன். அதுல யாரு போட்டீங்க?"

"யாரு போடல?"

டிஸ்க் என்பது பீரோ, மெமரி என்பது சாப்பாட்டு மேசை என்று அவர் விளக்கினார். மேசையில் வைத்ததைச் சட்டென்று எடுக்கலாம், ஆனால் பெட்டியை அணைத்தால் மேசை துடைக்கப்பட்டுவிடும். அந்த மேசைமேல் மாமியாரின் காமிரா இரவு பகலாக மீன் படத்தைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. இவரோ அந்த ஃபோல்டருக்கு எல்லையே போட்டு வைக்கவில்லை. மேசை நிறைந்து, பெட்டிக்குக் கை வைக்க இடமில்லாமல், ஓடுகிற புரோகிராம்களை ஒவ்வொன்றாகக் கொன்றுகொண்டிருந்தது. முகம் பார்க்கும் புரோகிராம் பாவம், அத்தனை திட்டும் வாங்கியது அனாவசியம்.

"அப்ப என் காட்சி?" என்றாள் குட்டி.

"பெட்டி ஓடறவரைக்கும் இருக்கும். உறைஞ்சு நின்னுபோச்சுன்னா போச்சு" என்றார் அவர். "மொதல்ல காமிராவப் பிடுங்குங்க. இன்னும் கொட்டிக்கிட்டே இருக்கு."

மறுபடியும் அதே பலகை. நாலு வயரும் கறுப்பு, நாலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. நான் காமிராவிலிருந்து வயரைக் கையால் தடவிக்கொண்டே வந்தேன். குட்டி பெட்டியின் பிளக்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மாமியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். காமிராவின் வயரைப் பிடுங்கினேன். பெட்டியின் பச்சை விளக்கு அணையவில்லை.

லேப்டாப் வழியாக உள்ளே போக முடியவில்லை. கதவைத் திறக்கிற புரோகிராமையும் பெட்டி கொன்றிருந்தது. பரணில் கிடந்த பழைய திரையையும் கீபோர்டையும் நேரே பெட்டியிலேயே மாட்டினோம். திரை முழுக்கக் கொலைக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதன் நடுவே பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது.

"பாஸ்வேர்டு சொல்லுங்க."

"அது வந்து..." என்று இழுத்தார்.

"வந்தும் போயும் எல்லாம் அப்புறம். சொல்லுங்க."

"மூக்குநுனி. இங்கிலீஷ் எழுத்துல. சேத்து எழுதணும்."

குட்டிக்கு அந்தப் பதற்றத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. மாமியார் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோளும் குலுங்கியது.

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடித்தேன்.

உள்ளே விட்டது. ஒரு வரி அடிப்பதற்குள் வெளியே தள்ளியது. மறுபடி அடித்தேன், மறுபடி தள்ளியது. என்னிடமா? போனில் கத்துகிற வாடிக்கையாளர்களையே சமாளிக்கிறவள் நான். விடாமல் அடித்தேன். ஒரு தடவை உள்ளே விட்டுவிட்டு, தள்ள மறந்துபோன மாதிரி நின்றது. அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கத்தினார், நான் திருப்பிச் சொல்லி அடித்தேன், குட்டி திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தாள். முகம் பார்க்கும் புரோகிராமை நிறுத்தினோம். பாட்டை நிறுத்தினோம். பிறகு அவசரத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டோம்.

மீன், மீன், மீன். மணிக்கு ஒரு கோப்பு, புதன்கிழமையிலிருந்து. எல்லாவற்றுக்கும் அடியில் 'கடைசி' என்று ஒரு சின்ன ஃபோல்டர்.

"இருக்கு" என்று குட்டி என் தோளைக் கிள்ளினாள். வலி உயிர் போயிற்று. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

'கடைசி'யை டிஸ்க்குக்கு நகலெடுக்கச் சொன்னோம். போட்டோ எண்கள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தவை சட்டென்று நின்றன. மெமரி போதவில்லை, நகலெடுப்பதைக் கொன்றுவிட்டேன் என்று எழுதியது. குட்டி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இடமே இல்ல" என்றார் போனில். "நிறுத்தினது போதல. மேசைலேருந்து எதையாவது தூக்கிப் போட்டாத்தான் மூச்சு வரும். பெருசா இருக்கற எதையாவது அழிக்கணும்."

பெரிதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். நாங்கள் இரண்டு பேரும் மாமியாரைப் பார்க்காமல் இருந்தோம். வெள்ளிக்கிழமை மறுபடி முட்டை காணாமல் போயிருந்தது. இந்தத் தடவை அது காமிராவில் விழுந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து திருடனைப் பிடிக்கிறேன் என்று அவர் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் தயாராக மாட்டிக்கொண்டுகூட இருந்தார்.

"வேற வழி இருக்கான்னு அண்ணனக் கேளுங்க அண்ணி" என்றாள் குட்டி மெல்லிய குரலில்.

"வழி என்ன வழி" என்றார் மாமியார். "மீன அழி."

"அம்மா, வெள்ளிக்கிழமது அதுலதான் இருக்கு."

"எனக்குத் தெரியாதா? அது இன்னொரு தடவ முட்டையிடும். உன் வீடு கரைஞ்சு போச்சே, அது திரும்பி வருமா? கையப் பிசைஞ்சுக்கிட்டு நிக்காத. அழிம்மா" என்று கடைசியில் என்னிடம் சொன்னார்.

"நட்சத்திரக் குறி மட்டும் தனியாப் போட்டுடாத" என்று போன் அலறியது. "அது எல்லாத்தையும் அழிச்சிடும். மொதல்ல மீன்னு எழுது, அப்புறம் நட்சத்திரம், அப்பத்தான் மீன்னு ஆரம்பிக்கறது மட்டும் போகும். நடுவுல இடம் விடாத. ஒரு இடம் விட்டாலும் மொத்தமும் காலி."

மீன் என்று எழுதினேன். ஒட்டி நட்சத்திரம் போட்டேன். குட்டி குனிந்து பார்த்தாள். மாமியாரும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இடம் இல்ல" என்றார் அவர். "ஒட்டித்தான் இருக்கு."

அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு திரையில் ஓடிக்கொண்டிருந்த கொலைக் கணக்கு நின்றது. பெட்டிக்குள் விசிறியின் இரைச்சல் தணிந்தது. அவசரத்துக்குள் 'கடைசி' மட்டும் தனியாக இருந்தது.

நகலெடுக்கச் சொன்னோம். எண்கள் ஓடின. குட்டி ஒவ்வொன்றையும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை யாரும் எதையும் கொல்லவில்லை. ஓடி முடிந்தது. இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தோம், ஒத்துப்போனது. அப்படியும் நம்பாமல் லேப்டாப்பில் கிடந்த பழைய சினிமாக்களை எல்லாம் தூக்கிவிட்டு அங்கேயும் ஒரு நகல் எடுத்தோம். அப்புறம்தான் குட்டி என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும்?

"என்னாச்சு? யாராவது சொல்லுங்களேன்" என்றது போன்.

"பிழைச்சாச்சு. அளக்கற வேலையப் பாருங்க" என்றேன்.

குட்டி அங்கேயே தரையில் உட்கார்ந்து காட்சியை ஓட்டினாள். தண்ணீர் ஏறுகிறது. களிமண் வீட்டின் ஒரு சுவர் மெல்லக் குனிகிறது. உள்ளே இருக்கிற களிமண் அம்மா இடுப்பில் ஒரு ஜாடியோடு வாசலைத் தேடுகிறாள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இத்தனை நாள் இந்த வீட்டு மூலையில் இதுவா நடந்துகொண்டிருந்தது?

"நிறுத்து" என்றார் மாமியார்.

குட்டி நிறுத்தினாள். இப்போது என்ன குறை சொல்லப்போகிறார் என்று எனக்குக் கோபம் ஏறியது.

"கொஞ்சம் பின்னாடி போ. வீட்டப் பாக்காத. வீட்டுக்குப் பின்னாடி, தொட்டியப் பாரு."

குட்டி ஒவ்வொரு போட்டோவாகப் பின்னால் போனாள், முன்னால் வந்தாள். சுவர் சாய்கிற இடத்துக்கு மேலே தொட்டியும் இலையும் இலையில் முட்டையும் தெரிந்தன. அடுத்த படத்தில் வெள்ளைச்சி இலையிடம் வந்திருந்தாள். அதற்கடுத்ததில் அவள் வாய் இலையின் மேல். அதற்கும் அடுத்ததில் இலை துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. கறுப்பன் எங்கோ ஓரத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"பெத்தவளா" என்றார் மாமியார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பெத்தவளே முழுங்கியிருக்காளே. நான் அந்தக் கறுப்பனத் திட்டாத திட்டில்லயே."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. ஆனால் மாமியார் சிரிக்கவில்லை. திரும்பி அந்த நீட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் இன்னிக்கு முழுங்கத்தான் போனேன்" என்றார்.

"அம்மா, நீ அணைக்கலயே" என்றாள் குட்டி.

"இவ கத்தலன்னா அணைச்சிருப்பேன். களிமண்ண வெச்சு விளையாடறான்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, கடைசில நானே..." முடிக்காமல் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி. மொதல்லேருந்து போடு."

"எத, மீனையா?"

"மீன் கிடக்கு. உன் படத்த. ஆரம்பத்துலேருந்து. நான் ஒண்ணுமே பாக்கலயே."

குட்டி மவுஸைப் பிடித்தாள். அம்பு திரை முழுக்க ஓடியதே தவிர ஓரிடத்தில் நிற்கவில்லை. கடைசியில் அவள் கைமேல் என் கையை வைத்து நான்தான் அழுத்தினேன்.